இருதய நோயினின்று எழுவோர்க்கு அணிகருவிகளின் உபயோகம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று எனக்கு இடப்பட்ட விஷயம் பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும். மாரடைப்புக் கண்டு பிழைத்தவர், இருதயத்தின் இரத்தக்குழாயில் ஸ்டெண்ட் வைத்துக்கொண்டவர், பைபாஸ் அறுவை செய்துகொண்டவர் ஆகிய இவர்கள், ஆஸ்பத்திரியினின்று வீடு திரும்பியபின் தமது தேகத்தை மீண்டும் உழைப்புக்குப் பழக்கிக்கொள்ள வேண்டியவராகின்றனர். அப்பழக்கத்தை வைத்தியர் மறுவாழ்வுப் பயிற்சி என்பர். அப்பயிற்சியைத் தொடங்குங் காலத்தில், மணிக்கட்டிலோ இடுப்பிலோ அணிந்துகொள்ளும் சிறு கருவிகளால் யாது பயன், யாது தீங்கு என்பதே நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

நான் வைத்தியம் பயின்றவனல்லேன். வைத்திய நூல்களையும் ஆராய்ச்சிப் பத்திரிகைகளையும் படித்துத் தெளிந்தவற்றை ஒழுங்குபடுத்திச் சொல்வதன்றி, எவருக்கும் சிகிச்சை கூறுவது என் நோக்கமன்று. ஆகையால் நான் சொல்வதில் எதையும் கைக்கொள்ளுமுன் தத்தம் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளும்படி முதற்கண் வேண்டுகிறேன்.

நம்மவர் வீடுகளில் நடப்பது யாது? ஒருவருக்கு மாரடைப்பு என்றவுடன் உற்றாரெல்லாரும் ஓடிவருகின்றனர். நகையை அடகு வைத்தாயினும் சிகிச்சை செய்விக்கின்றனர். உயிர் பிழைத்து வீடு வந்தபின்னரோ, "அப்பா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், என்ன வேண்டுமோ சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம்" என்று அன்பினால் அவரைக் கட்டிலோடு கட்டிவிடுகின்றனர். அவரும் அச்சத்தினால் அக்கட்டுக்கு உடன்படுகின்றார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நோயினால் இழந்த பலத்தினும் ஓய்வினால் இழந்த பலம் அதிகமாயிருக்கக் காண்கிறோம். இவ்வன்பையும் அச்சத்தையும் எதிர்த்து வாதாடுவது மிகக் கடினம். ஏனெனில், நோயாளர் ஒரு நாளில் எவ்வளவு நடந்தார் என்பதை வீட்டாரும் அறியார், அவரும் அறியார், வைத்தியரும் அறியார். அணிகருவி அவ்வறியாமையை நீக்கவல்ல ஒரு சாட்சி. அது சாட்சியே யன்றி வைத்தியனன்று. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் நன்மையும், மயங்கினால் கேடும் விளையும் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

படுக்கை என்னும் மருந்து

மாரடைப்புக் கண்டவரை அசையவொட்டாது கிடத்தும் வழக்கம் நம் பாட்டிமார் உண்டாக்கியதன்று. மேனாட்டு வைத்தியரே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவ்வாறு செய்து வந்தனர். அடைபட்ட குழாயினால் மாண்டுபோன இருதயத் தசை வடுவாக இறுகுவதற்குச் சில வாரங்கள் செல்லும். அதற்குள் அசைந்தால் இருதயம் கிழிந்துபோமென அஞ்சி, ஆறு வாரம் வரை நோயாளரைப் படுக்கையிற் கிடத்தினர். சோறு ஊட்டுவதும் பிறரே.

இதற்கு மாறான குறிப்பு மிகப் பழமையானது. மார்வலி என்னும் நோயை 1772ம் ஆண்டில் விரிவாக எழுதி வெளியிட்ட ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹெபர்டென், நாள்தோறும் அரை மணி நேரம் மரம் அறுப்பதையே தொழிலாக விதித்துக்கொண்ட ஒருவர் ஏறக்குறைய முற்றும் குணமடைந்ததாகக் குறித்திருக்கிறார். அக்குறிப்பை நெடுங்காலம் ஒருவரும் பொருட்படுத்தினாரிலர். 1952ம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வைத்தியர்களான சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் என்னும் இருவர், மாரடைப்புக் கண்ட 81 பேரைப் படுக்கையில் கிடத்தாது சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துச் சிகிச்சை செய்து, அதனால் தீங்கு நேரவில்லை யென்று வெளியிட்டனர். 1953ல் ஜெரிமி மாரிஸ் என்பார் லண்டன் நகரத்துப் பஸ்களை ஆராய்ந்தார். நாள் முழுதும் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸின் படிகளில் ஓயாது ஏறியிறங்கும் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாயிருக்கக் கண்டார். 1955ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு நேர்ந்தபோது, அவருக்குச் சிகிச்சை செய்த பால் டட்லி ஒயிட் என்னும் வைத்தியர் அவரை விரைவில் எழுப்பி நடமாடச் செய்தார். மறு ஆண்டில் அந்த ஜனாதிபதி தேர்தலில் நின்று மீண்டும் வென்றதை உலகமே கண்டது.

படுக்கையின் தீமையை அளந்து காட்டியது 1966ம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த பரிசோதனையாகும். இருபது வயதுடைய, நோயற்ற வாலிபர் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் கிடக்கச் செய்தனர். பிராணவாயுவை ஏற்றுப் பயன்படுத்தும் அவர்கள் தேகத்தின் சக்தி நான்கிலொரு பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து அவ்வைவரையே மீண்டும் பரிசோதித்தபோது, முப்பது ஆண்டு மூப்பு விளைத்த குறைவினும் அந்த மூன்று வாரப் படுக்கை விளைத்த குறைவே பெரிதெனத் தெரிந்தது. இளமையும் சுகமும் உள்ளவர்க்கே இக்கதியாயின், அறுபது வயதில் இருதயம் நொந்து கிடப்பவர்க்கு எவ்வாறாகும் என்பதைத் தாங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பயிற்சியின் நன்மையோ இப்பொழுது ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டிருக்கிறது. உலகெங்கும் நடந்த 85 ஆராய்ச்சிகளை, அஃதாவது 23,000 பேருக்கு மேற்பட்ட நோயாளரின் விவரங்களை ஒன்று சேர்த்து 2021ல் வெளியிட்ட தொகுப்பின்படி, தேகாப்பியாசத்தோடு கூடிய மறுவாழ்வுப் பயிற்சி மீண்டும் மாரடைப்பு வருவதையும் ஆஸ்பத்திரியில் மீண்டும் சேர்வதையும் குறைக்கின்றது.

நம் நாட்டிலும் 24 ஆஸ்பத்திரிகளில் 3,959 நோயாளரைக் கொண்டு, யோகாப்பியாசத்தை அடிப்படையாக வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி செய்து 2020ல் வெளியிட்டனர். மரணம் முதலிய பெருங்கேடுகள் குறைந்தன என்று துணிந்து சொல்ல அதில் இடமில்லையாயினும், பயிற்சி பெற்றோர் தமது பழைய அலுவல்களுக்குத் திரும்பியதும், தம் சுகத்தைப் பற்றி அவர்களே மேலாக மதிப்பிட்டதும் தெளிவாயிற்று. ஒருவன் தன் வேலைக்குத் திரும்புவதென்பது அற்ப விஷயமா? அவனை நம்பிய குடும்பத்தைக் கேட்டால் தெரியும்.

கருவி பிறந்த வரலாறு

ஓடியாடும் மனிதனது இருதயத்தை வெளியிலிருந்து அறியவேண்டுமென முதலில் முயன்றவர்களுள் சிறந்தவர் அமெரிக்காவின் மான்டானா மாகாணத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் என்பவர். 1940களின் பிற்பகுதியில் அவர் அமைத்த யந்திரம் ஏறக்குறைய 38 கிலோகிராம் எடையுள்ளது. அதை மூட்டை போல் முதுகில் சுமந்துகொண்டே நடக்கவேண்டும்! அது நாளடைவில் சுருங்கிச் சட்டைப்பைக்குள் அடங்கியது. இன்றும் வைத்தியர் நாள் முழுதும் இருதயத் துடிப்பைப் பதிவு செய்யக் கட்டிவிடும் கருவி ஹோல்டர் என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

அடிகளை எண்ணும் கருவியோ வேறு வழியில் வந்தது. டோக்கியோ ஒலிம்பிக் பந்தயம் 1964ல் நடந்து முடிந்த மறு வருஷம், ஜப்பானியக் கம்பெனி ஒன்று இடுப்பில் செருகிக்கொள்ளும் பெடோமீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரின் பொருள் "பதினாயிரம் அடி அளவி" என்பது. 1982ல் பின்லாந்து தேசத்துப் போலார் கம்பெனியார், மார்பில் கட்டிய பட்டையினின்று கம்பியில்லாமலே நாடித் துடிப்பை மணிக்கட்டுக்கு அனுப்பும் கருவியை வெளியிட்டனர். இவ்விரு கிளைகளும் ஒன்று சேர்ந்ததே இன்று இளைஞர் கைதோறும் காணும் பட்டையும் ஸ்மார்ட் வாட்ச் என்னும் கடிகாரமும்.

கருவி அளப்பது யாது

இக்கடிகாரத்தைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால் பச்சை வெளிச்சம் மினுக்குவதைக் காணலாம். இரத்தம் பச்சை ஒளியை விழுங்கும் இயல்புடையது. இருதயம் துடிக்குந்தோறும் மணிக்கட்டின் சிறு குழாய்களில் இரத்தம் பெருகுகின்றது, பெருகும்போது திரும்பி வரும் ஒளி குறைகின்றது, வடியும்போது கூடுகின்றது. இவ்வேற்றத் தாழ்வை எண்ணி நாடியைக் கணக்கிடுவதே கருவியின் வேலை. அடிகளை எண்ணுவதற்கு உள்ளே அசைவை உணரும் நுண்ணிய உறுப்பொன்றுண்டு. கை வீசி நடக்கையில் உண்டாகும் ஒழுங்கான ஆட்டத்தை அது அடியெனக் கொள்கிறது. கருவி வாங்க இயலாதவர் வருந்தவேண்டுவதில்லை. சட்டைப்பையில் வைத்த கைப்பேசியே அடிகளை ஓரளவு எண்ணிவிடும்.

இவ்வெண்ணிக்கையால் மனிதன் அதிகமாக நடப்பானா? 26 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2007ல் வெளிவந்த கட்டுரையின்படி, முறையாக நடந்த பரிசோதனைகளில் பெடோமீட்டர் அணிந்தோர் அணியாதோரைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,500 அடி அதிகமாக நடந்தனர். அதிலும் இன்ன அளவு நடப்பேன் என்று இலக்கு வைத்துக்கொண்டவரே முன்னேறினர். இலக்கின்றி வெறுமனே கட்டிக்கொண்டவர்க்குப் பயன் காணவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்த்தல் நியாயம். 2016ல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், தேக எடையைக் குறைக்க விரும்பிய 471 இளவயதினரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியார்க்குமட்டும் அணிகருவி கொடுத்தனர். இரண்டாண்டு முடிவில் கருவி அணிந்தோர் குறைத்த எடை சராசரி 3.5 கிலோகிராம், அணியாதோர் குறைத்ததோ 5.9 கிலோகிராம். கருவி கையிலிருப்பதே போதுமென்னும் எண்ணம் முயற்சியைத் தளர்த்தலாம் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

கருவி பிழைபடும் இடங்கள்

எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பலாகாது. இச்சாட்சி தவறும் இடங்களைக் கூறுகிறேன்.

முதலாவது, மெதுவாக நடப்பவரின் அடிகளை இது குறைத்தெண்ணும். இருதய நோயினின்று புதிதாய் எழுந்தவர் நடப்பதோ மிக மெதுவாக. ஆகவே யாருக்கு எண்ணிக்கை அவசியமோ அவரிடமே கருவி அதிகமாய்த் தவறுகிறது. குடை பிடித்து நடந்தாலும், பை சுமந்து நடந்தாலும், ஊன்றுசட்டத்தைப் பிடித்து நடந்தாலும் கை வீசாமையால் அடிகள் விடுபடும். இதற்கு மாறாக, மேடு பள்ளமான சாலையில் வண்டியேறிச் செல்கையிலும், உட்கார்ந்தபடியே மாவு பிசைகையிலும் நடவாத அடிகள் கணக்கில் ஏறக்கூடும்.

இரண்டாவது, பட்டை தளர்ந்திருந்தாலும் கை வேகமாக ஆடினாலும் நாடிக் கணக்குப் பிழைபடும். நாடி ஒழுங்கின்றித் துடிக்கும் நோயுடையவரிடம் இப்பிழை இன்னும் மிகும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் முக்கியமானது. இக்கடிகாரங்கள் 220லிருந்து வயதைக் கழித்து, உச்ச நாடி இன்னதெனத் தாமே தீர்மானித்துக்கொள்கின்றன. அறுபது வயதினர்க்கு அது 160 ஆகும். மாரடைப்புக் கண்டவருட் பலர் மெட்டோப்ரோலால் போன்ற, நாடியைத் தணிக்கும் மாத்திரைகளை உட்கொள்பவர். அவர்கள் நாடி எவ்வளவு உழைத்தாலும் அவ்வெல்லையை அணுகாது. கருவியோ, "நீர் போதிய அளவு உழைக்கவில்லை, இன்னும் வேகமாக நடவும்" என்று தூண்டிக்கொண்டேயிருக்கும். அதை நம்பி ஓடத் தொடங்கினால் விபரீதம் நேரலாம். ஆதலின் கடிகாரம் கூறும் எல்லையை விட்டு, வைத்தியர் பரிசோதித்துக் கூறும் எல்லையையே கொள்ளவேண்டும். ஆரம்ப நாட்களில், உட்கார்ந்திருக்கும்போதுள்ள நாடிக்கு மேல் 20 துடிப்பு வரை போதுமென வரம்பிடும் வைத்தியருமுளர்.

நான்காவது, கடிகாரம் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் என்று எண்ணுவது பெருந்தவறு. சில கடிகாரங்கள் நாடியின் ஒழுங்கின்மையை உணர்ந்து சொல்லும் என்பது மெய். 2019ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில் 4,19,297 பேர் அத்தகைய கடிகாரத்தை அணிந்தனர். எச்சரிக்கை பெற்றவர் நூற்றுக்கு அரைப் பேருக்குச் சற்று அதிகமே. அவருட் பின்னர் மார்பில் கருவி ஒட்டிப் பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 34 பேரிடமே அவ்வொழுங்கின்மை அப்பொழுது காணப்பட்டது. நாடி ஒழுங்கின்மை வேறு, மாரடைப்பு வேறு. மார்பில் பாரமோ, இடத்தோளிலும் தாடையிலும் வலியோ, காரணமற்ற வியர்வையோ, மூச்சுத் திணறலோ, மயக்கமோ கண்டால் கடிகாரத்தைப் பார்த்து நிற்கலாகாது. அது "எல்லாம் சரி" என்று காட்டினாலும் உடனே நடையை நிறுத்தி, 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

பேஸ்மேக்கர் முதலிய யந்திரம் மார்பில் வைக்கப்பெற்றவர், காந்தம் பொருந்திய கைப்பேசியையும் கடிகாரப் பட்டையையும் அதனின்று 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைத்தல் நலம். தேகத்தின் கொழுப்பை அளப்பதற்காக மின்சாரத்தைச் சிறிதளவு செலுத்தும் கருவிகளை அவர்கள் வைத்தியரைக் கேளாது தொடவே கூடாது.

பதினாயிரம் என்னும் மயக்கம்

நாளொன்றுக்கு 10,000 அடி நடந்தே தீரவேண்டுமென்னும் எண்ணம் இக்காலத்தில் ஒரு விரதம்போற் பரவியிருக்கிறது. அவ்வெண் எங்கிருந்து வந்ததென்பதை முன்னரே கண்டோம். அது ஜப்பானியக் கருவிக்கு விற்பனைக்காக வைத்த பெயரினின்று பிறந்ததேயன்றி, நோயாளரைப் பரிசோதித்து வகுத்ததன்று. சராசரி 72 வயதுள்ள 16,741 அமெரிக்க ஸ்திரீகளைப் பற்றி 2019ல் வெளிவந்த ஆராய்ச்சியில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடம் மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்நன்மை மேலும் கூடவில்லை. அவர்கள் இருதய நோயாளரல்லர். நடையினாலேயே ஆயுள் நீண்டதென்று அவ்வாராய்ச்சி முற்றும் நிரூபிக்கவுமில்லை. ஆயினும், சிறிது நடப்பவர் இன்னும் சிறிது நடப்பதே பெரிய லாபம் என்னும் உண்மை அதனால் விளங்குகிறது.

2023ம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் "நடப்போம் நலம் பெறுவோம்" என்னும் திட்டத்தால் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது பாராட்டத்தக்கதே. ஆனால் ஆஸ்பத்திரியினின்று வந்து பத்து நாளாகாதவர் அப்பாதை முழுதையும் நடந்துவிடத் துணிவாராயின், அது பாதையின் குற்றமன்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ?

தொடங்குவோர் கைக்கொள்ளும் முறை

வைத்தியர் நடக்கலாமென்று அனுமதித்தபின், முதல் வாரம் எதையும் மாற்றாமல் கருவியைமட்டும் அணிந்திருக்கவேண்டும். எழுந்தது முதல் படுக்கும்வரை நடந்த அடிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரவுதோறும் குறித்துவரவேண்டும். ஏழு நாள் கணக்கையும் கூட்டி ஏழால் வகுத்தால் வருவது அவரவர் அடித்தளம். கருவி குறைத்தெண்ணினாலும் பாதகமில்லை. ஒரே கருவியை ஒரே கையில் ஒரே விதமாக அணிந்துவந்தால், இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு ஒப்பிடலாம். இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடுவதுதான் ஆகாது.

உதாரணமாக ஒருவரது அடித்தளம் 1,800 அடி என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் ஒப்பினால் அடுத்த வாரம் 2,000 அடி, அதற்கடுத்த வாரம் 2,300 அடி என ஏறலாம். ஒரே மூச்சில் நடக்கவேண்டுவதில்லை. காலையில் தாழ்வாரத்தில் ஐந்து நிமிஷம், மாலையில் தெருக்கோடி வரை ஐந்து நிமிஷம் என்று பகுத்துக்கொள்ளலாம். கோயிற் பிரகாரம் சுற்றுவோர் ஒரு சுற்றுக்கு இத்தனை அடியென்று ஒருமுறை தாமே எண்ணிப் பார்த்துக் கருவியைச் சோதித்துக்கொள்ளலாம். நீரிழிவுடையோர் மட்டும் வெயிலில் சுட்ட கல்லின்மேல் வெறுங்காலோடு நடத்தல் கூடாது. உண்டவுடன் நடப்பதையும் உச்சிவெயிலில் நடப்பதையும் எல்லாரும் விலக்கவேண்டும்.

நோட்டுப் புத்தகத்தில் அடியின் எண்ணோடு இன்னொரு எண்ணையும் எழுதவேண்டும். சுவீடன் தேசத்து அறிஞர் குன்னார் போர்க் என்பவர், உழைப்பவன் தன் சிரமத்தைத் தானே மதிப்பிடுவதற்காக 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 6 என்பது சும்மா இருத்தல். 20 என்பது இனி முடியாதென்னும் எல்லை. மறுவாழ்வுப் பயிற்சியில் பெரும்பாலும் 11 முதல் 13 வரை போதுமென்பர். இவ்வளவு தேவையில்லையெனில் எளிய சோதனை ஒன்றுண்டு. நடக்கையில் அருகிலிருப்பவரோடு தடையின்றிப் பேச முடிந்தால் அளவு சரி. பேச்சு இடையிடையே அறுந்தால் அளவு மிஞ்சிவிட்டது. 2,300 அடியைச் சென்ற வாரம் 14 என்னும் சிரமத்தோடு நடந்தவர் இவ்வாரம் 11 என்னும் சிரமத்தோடு நடந்தாராயின், தேகம் தேறுகிறதென்பதற்கு அதைவிடச் சிறந்த அடையாளம் வேண்டா. அதற்கு மாறாக, அதே நடைக்குச் சிரமம் வரவர மிகுமாயின் வைத்தியரிடம் உடனே காட்டவேண்டிய செய்தி அதுவே.

மார்பெலும்பை அறுத்துப் பைபாஸ் செய்துகொண்டவர்க்கு ஒரு வார்த்தை. எலும்பு கூடுவதற்குச் சில வாரங்களாகும். அதுவரை குடம் தூக்குதல், கதவைத் தள்ளுதல், கைகளை ஊன்றி எழுதல் முதலியவற்றைக் கருவி அளக்காது, தடுக்கவும் தடுக்காது. அது காட்டும் அடிகள் குறைவாயிருப்பினும் எலும்புக்கு அபாயம் நேரலாம். இவ்விஷயத்தில் அறுவை வைத்தியர் சொல்லே எல்லை.

வீட்டார் கவனிக்க வேண்டுவன

கருவியினால் வீட்டார்க்கு நேரும் பெரும் நன்மை, அச்சம் தெளிதல். "மாடிப்படி ஏறினால் அவருக்கு என்னவாகுமோ" என்று நடுங்கும் மனைவியார், வைத்தியர் அனுமதித்த எல்லைக்குள் நாடி நின்றதைத் தாமே கண்ணால் கண்டால் சிறிது ஆறுதலடைவார். ஆனால் அக்கண்காணிப்பே புதிய விலங்காகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை, தன் தகப்பனாரின் அடிகளைத் தன் கைப்பேசியில் பார்க்கிறான். நள்ளிரவில் நாடி சற்று உயர்ந்திருந்தால் கலங்கி அழைக்கிறான். பெரியவர் தூக்கம் கெடுகிறது. மணிக்கு நான்குமுறை கடிகாரத்தைப் பார்த்துத் தம் நாடியைத் தாமே எண்ணித் திகிலடைகிறார். அத்தகையோர்க்குக் கருவியைச் சில நாள் கழற்றி வைப்பதே மருந்து. யார் யார் அவ்வெண்களைப் பார்க்கலாமென்பதை அணிந்திருப்பவரே தீர்மானிக்கட்டும். தேகத்தின் குறிப்புகள் ஒருவரது சொந்த உடைமை. அவை கம்பெனிகளின் கையில் சேர்கின்றன என்பதையும் மறக்கலாகாது. தனிமனிதர் விவரங்களைக் காக்க 2023ல் நம் தேசத்தில் சட்டம் இயற்றப்பட்டிருப்பினும், எதற்கு அனுமதி கொடுக்கிறோமென்று படித்துக் கொடுப்பதே விவேகம்.

தாய்மார்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. மறுவாழ்வுப் பயிற்சிக்கு வருவோருள் ஸ்திரீகள் குறைவென்பது உலகமெங்கும் கண்ட உண்மை. ஆடவர் பிழைத்து வந்தால் அவரைக் கட்டிலில் கிடத்துகிறோம்; ஸ்திரீகள் பிழைத்து வந்தாலோ அடுக்களைக்கு அனுப்புகிறோம். "அவள்தான் நாள் முழுதும் வீட்டில் நடக்கிறாளே, அதுவே பயிற்சி" என்பர். அடுக்களையில் பாத்திரம் துலக்குவதும் மாவு பிசைவதும் கருவியின் கணக்கில் அடிகளாய் ஏறி, இப்பேச்சுக்குப் பொய்ச்சாட்சி சொல்லவுங்கூடும். அவ்வேலையில் சிரமம் உண்டு. ஆனால் வைத்தியர் விதித்த அளவோ, ஒழுங்கோ, இடையில் ஓய்வோ இல்லை. வீட்டுவேலை வேறு, இருதயத்தைத் தேற்றும் நடை வேறு. அந்த அம்மையாருக்கு நாள்தோறும் அரை மணி நேரம் வேலையினின்று விடுதலை கொடுத்து, துணைக்கு ஒருவரையும் உடனனுப்புவதே அவ்வீட்டு ஆடவரின் கடமை. கருவி வாங்கிக் கொடுப்பது அதற்குப் பின்னர்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

சபையோர்களே! பெரிய நகரங்களில் மறுவாழ்வுப் பயிற்சிக்கென்றே இடம் வைத்த ஆஸ்பத்திரிகள் உண்டு. சிற்றூரிலிருப்பவர் வாரம் மும்முறை பஸ்ஸேறி அங்குச் செல்வது எளிதன்று. 2021ம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் அரசாங்கத் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வர வகை செய்யப்பட்டது. அத்தகைய ஊழியர் வரும்போது, நோட்டுப் புத்தகத்தில் குறித்த ஒரு மாதக் கணக்கு அவர்முன் வைக்கப்படுமானால், அவர் வேலையும் எளிதாகும், நோயாளரும் பொய் சொல்ல வேண்டியிராது. "தினமும் நடக்கிறேன்" என்று எல்லாருந்தான் சொல்கிறார்கள்!

நம் சங்கம் செய்யக்கூடியது சிறிது, ஆயினும் பயனுள்ளது. நூல் நிலையத்தில் புத்தகம் இரவல் கொடுப்பதுபோல், எளிய அடிமானிகள் பத்து வாங்கி வைத்து, நோயினின்று எழுந்தவர்க்கு மூன்று மாத தவணையில் இரவல் கொடுக்கலாம். ஓய்வு பெற்ற அன்பர் இருவர் மாலையில் அவர்களோடு உடன் நடக்கலாம். நடக்கையில் பேச்சு அறுகிறதா என்று பார்ப்பதற்குப் பேசுவதற்கொரு துணை வேண்டுமல்லவா? இதற்குப் பெரும்பொருள் வேண்டா, மனம் வேண்டும். இரவல் வாங்குபவர் வைத்தியரின் அனுமதிச் சீட்டைக் காட்டவேண்டுமென்னும் நிபந்தனை ஒன்றைமட்டும் தளராது வைக்கவேண்டும். காரியக் கமிட்டியார் இதை அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கருவி ஒருவரை நடக்கவைக்காது. நடந்தாரா இல்லையா என்று சொல்லும்; அவ்வளவே. எவ்வளவு நடக்கலாமென்று சொல்பவர் வைத்தியர். நடக்கவேண்டியவர் நோயாளர். கட்டிலினின்று எழுவதற்குக் கைகொடுக்கவேண்டியவர் நாம். இந்நால்வரும் தத்தம் வேலையைச் செய்வோமாயின், ஆஸ்பத்திரியில் மீட்ட உயிர் வீட்டில் வீணாகாது.